ஏலம் எடுத்த இருமல்

அந்த ஏலக்கூடத்தில் வாயைத் திறந்து விலை கேட்டால் ஆள் புதுசு என்று அர்த்தம். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அங்கே பேசுவதே இல்லை. இழுத்து மூடிய கம்பெனிகளின் மேஜை நாற்காலி, கேட்பாரற்றுக் கிடங்கில் கிடந்த பெட்டிகள் என்று எது மேடை ஏறினாலும் முன்வரிசைக்காரர்கள் மெழுகுப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஏலக்காரரோடு ஒரு ரகசிய அடையாளம் உண்டு. ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் விலை ஒரு படி ஏறும். இன்னொருவர் சட்டைப் பொத்தானைத் தொடுவார். மற்றொருவர் வீட்டுச் சாவியால் காதைக் குடைவார்; அவருக்குக் குடைச்சலார் என்றே பெயர். எல்லாம் பரம ரகசியம், ஊருக்கே தெரிந்த ரகசியம்.

குடைச்சலாருக்குப் பக்கத்து நாற்காலிக்காரரின் அடையாளம் ஒரு செருமல். தொண்டையில் சின்னதாக ஒரு கனைப்பு, அவ்வளவுதான். சரக்கு கை மாறிவிடும். அந்தச் செருமலை வைத்துத்தான் அவர் வீடு வாங்கினார், கல்யாணம் செய்துகொண்டார், செருமலார் என்ற பட்டத்தையும் வாங்கினார்.

மழை தொடங்கியபோது அவருக்கு இருமல் வந்தது. மழை நின்றது. இருமல் நிற்கவில்லை.

முதல் வாரம் இருபது கிளிக்கூண்டுகள் வந்து சேர்ந்தன. அடுத்தது பல் வைத்தியரின் சாய்வு நாற்காலி. பிறகு யாரென்றே தெரியாத ஒரு பெரிய மனிதரின் மார்பளவுச் சிலை. அதற்குப் பிறகு ஒரு பெட்டி நிறையச் செருப்புகள், எல்லாம் இடது கால். இருமல் அடங்குவதற்குள் ஏலக்காரர் "மூணு தரம்!" என்று சுத்தியலை இறக்கிவிடுவார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; செருமலார் வாயை மூடிக்கொண்டே கெட்டார், இருமல் மூக்கு வழியாக வந்தது.

வீட்டில் நடக்க வழியில்லை. அவர் மனைவி சிலையின் தலையில் துணி காயப்போட்டாள்.

"என்னங்க, இவரு யாரு?"

"யாராவது பெரிய ஆளா இருக்கும்."

"பெரிய ஆளுன்னா அவங்க வீட்டுல இருக்க வேண்டியதுதானே? இருமினா சாமான் வருதுன்னு தெரியுதில்ல, அடையாளத்தை மாத்துங்க. கையத் தூக்குங்க. கண்ணடிங்க. என்னவோ பண்ணுங்க."

"மாத்தினா ஏலக்காரன் ஏன்னு கேப்பான்."

"இருமல்னு சொல்லுங்க."

"இருமல்னு சொன்னா என்ன இருமல்னு கேப்பான்."

அங்கேதான் செருப்பு கடித்தது. இப்போது செருமலார் உட்காரும் இடத்தில் முன்பு ஒரு காகித வியாபாரி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காசநோய் என்று காற்றுவாக்கில் செய்தி வந்தது. மறுநாளே அவர் நாற்காலியை நாலு பேர் தூக்கி வெளியே வைத்துச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். அதில் ஒரு காலைப் பிடித்தவர் செருமலார்தான். மனுஷன் மருந்து சாப்பிட்டு நன்றாகத் தேறி வந்தார். ஆனால் நாற்காலி உள்ளே வரவில்லை. இப்போது தெருமுனையில் குடை விற்கிறார். முன்வரிசை நாற்காலி போனால் கடன் சொல்லிச் சரக்கு எடுக்க முடியாது, கூடத்தில் வணக்கம் சொல்ல ஆள் இருக்காது, பின்வரிசைப் பயல்களோடு நின்றுகொண்டு கத்த வேண்டும். செருமலாருக்கு உயிர் நெஞ்சில் இல்லை, அந்த நாற்காலியில் இருந்தது.

ஆகவே அவர் ஒரு காரியம் செய்தார். வாங்கியதையெல்லாம் வேண்டுமென்றே வாங்கியது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

அதுதான் வினையானது. கூடம் முழுக்கக் கிசுகிசு. "சும்மா வாங்குவாரா அவரு? கிளிக்கூண்டுல ஏதோ விஷயம் இருக்கு." குடைச்சலாருக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. கடைசியில் வீடு தேடி வந்து இடது கால் செருப்புப் பெட்டியை யானை விலை குதிரை விலை கொடுத்து எடுத்துப் போனார்.

"வலது காலு எங்க அண்ணே?"

"அது இப்ப சொல்லக் கூடாது," என்றார் செருமலார், பெரிய மர்மம் மாதிரி.

பிறகு நடந்ததுதான் கூத்து. இருமினால் லாபம் என்று கூடம் முடிவு கட்டிவிட்டது. கண்ணாடிக்காரர் இரும ஆரம்பித்தார். பொத்தான்காரர் இருமினார். குடைச்சலார் காதைக் குடைவதை விட்டுவிட்டு, கைக்குட்டையை வாயில் வைத்து அச்சாக அதே மாதிரி இருமினார். ஏலக்காரருக்கு எந்த இருமல் யாருடையது என்று தெரியாமல் தலை சுற்றியது. ஜன்னல்களும் மூடியே இருந்தன. திறந்தால் விலை தெருவுக்குப் போய்விடும் என்று எந்தக் காலத்திலோ சாத்தியவை. மேலே நாலைந்து தடவை பெயின்ட் வேறு அடித்தாகிவிட்டது. அந்த அடைத்த கூடத்துக்குள் ஒரு வரிசையே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது.

"பாத்தியா," என்றார் செருமலார் வீட்டில், "இருமல் லாபம் குடுக்குது."

"லாபம் வருது, நீங்க போறீங்க," என்றாள் மனைவி. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டவள் அவள்தான். சாயங்காலமானால் அவர் உடம்பு அடுப்பு மாதிரி காய்வதையும், ராத்திரி வியர்வையில் தலையணை உறை நனைவதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தால் அவர் கல்லுளிமங்கனாக உட்கார்ந்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அச்சகம் நொடித்துப்போய் அதன் சரக்கு ஏலத்துக்கு வந்தது. கடைசியாக ஒரு பெரிய கட்டு, பிரிக்காதது, உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. செருமலார் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. கடைசி நொடியில் இருமல் அணையை உடைத்துக்கொண்டு வந்தது. கட்டு வீட்டுக்கு வந்தது.

மனைவி பிரித்தாள். அத்தனையும் சுவரொட்டி. இரண்டு நுரையீரல்கள், இரண்டுக்கும் கண் மூக்கு வைத்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றன. அவள் சத்தமாகப் படித்தாள்:

"இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? மாலையில் காய்ச்சலா? இரவில் வியர்வையா? உடல் எடை குறைகிறதா? காசநோயாக இருக்கலாம். சளிப் பரிசோதனை இலவசம். மருந்தும் இலவசம். முழுமையாகக் குணமாகும்."

படித்துவிட்டு அவரையே பார்த்தாள். செருமலார் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "கெட்டித் தாளு. நாலு கலர். அச்சு ஒரு மயிரிழை கூட விலகல. நல்ல சரக்கு."

"உங்க படம் போடாததுதான் குறை."

"ஆளு கெடச்சா தள்ளிடலாம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். வியாபாரியின் பெண்டாட்டி. மாட்டைத் தண்ணீருக்கு இழுத்தால் வராது, புல்லைக் காட்டினால் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"யாரு வாங்குவா இத? நெஞ்சு ஆஸ்பத்திரிதான் வாங்கணும். நேராப் போய்ப் பேசுங்க. தரகன் கையில குடுத்தா பாதி அவன் தின்னுடுவான்."

தரகன் என்ற சொல் காதில் விழுந்ததும் செருமலார் சட்டையை மாட்டிக்கொண்டார்.

நெஞ்சு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு நீள அறையில் உட்கார்ந்திருந்தாள். எல்லா ஜன்னல்களும் விரியத் திறந்திருந்தன. மேஜைமேல் இருந்த காகிதங்களுக்கெல்லாம் பாரம் வைத்திருந்தது. செருமலார் சுவரொட்டியை விரித்தார். விலை சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது.

டாக்டரம்மா ஒரு முகக்கவசத்தை எடுத்து நீட்டினாள். "இதப் போட்டுக்குங்க. இருமல் எவ்வளவு நாளா இருக்கு?"

"அது சரக்கோட சேராதும்மா."

"நான் சேத்துதான் விலை பேசுவேன்."

செருமலார் நிமிர்ந்து பார்த்தார். எதிரில் இருப்பது லேசுப்பட்ட ஆள் இல்லை. "சரி, நீங்க ஒரு விலை சொல்லுங்க."

"நீங்க கேட்டதுல பாதி. கொசுறா கொஞ்சம் சளி குடுக்கணும்."

எத்தனையோ சந்தை பார்த்தவர் அவர். கொசுறாகக் கயிறு கொடுத்திருக்கிறார், சாக்கு கொடுத்திருக்கிறார், ஒரு தடவை ஒரு நாய்க்குட்டியே கொடுத்திருக்கிறார். சளி கேட்டவர் யாருமில்லை.

"எவ்வளவு வேணும்?"

"இந்த டப்பாவோட அடி மறைஞ்சா போதும். எச்சில் துப்பி ஏமாத்தக் கூடாது, நெஞ்சுக்குள்ளேருந்து வரணும். வெளியில மரத்தடியில, ஆள் இல்லாத பக்கம் நின்னு எடுங்க. நாளைக்குக் காலையில எந்திரிச்சதும் இன்னொண்ணு."

"ரெண்டா? ஒண்ணுதானே பேசினோம்?"

"காலையில வர்றது அசல் சரக்குய்யா."

அசல் என்று சொன்னபிறகு அவரால் மறுக்க முடியவில்லை. அடி மறையக் கேட்டதற்கு அரை டப்பா கொடுத்தார். அளவில் அவர் என்றும் குறை வைத்ததில்லை.

முடிவு தெரிந்துகொள்ளப் போன அன்று மனைவியும் கூட வந்தாள். அவளுக்கும் பரிசோதனை நடந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு இருந்தது.

"காசநோய்தான். பயப்படாதீங்க, குணமாயிடும். ஆறு மாசம் மருந்து," என்றாள் டாக்டரம்மா.

வெளியே கிடந்த காகித வியாபாரியின் நாற்காலியும், அதன் கால்களில் வழிந்த சோப்புத் தண்ணீரும் செருமலாரின் கண்முன் வந்தன. ஆனால் நாக்கு பழகிய வழியில்தான் ஓடியது.

"ஆறு அதிகம். மூணு வச்சுக்குங்க."

"ஆறு."

"நாலு. பேச்சுக்கே எடமில்ல, நாலு."

"என்னங்க..." என்று மனைவி சட்டையை இழுத்தாள்.

"ஐயா, மருந்து இலவசம். இலவசத்துல எப்படித் தள்ளுபடி போடறது?"

"இலவசம்னாதாம்மா பயமா இருக்கு. இன்னொண்ணு வாங்க வைப்பான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கேளுங்க. கொஞ்ச நாள்ல இருமல் நிக்கும், பசிக்கும், நல்லாயிட்ட மாதிரி இருக்கும். அப்ப நிறுத்தினீங்கன்னா மிச்சம் இருக்கற கிருமி மருந்துக்கே பழகிடும். அடுத்த தடவை இந்த மாத்திரை கேக்காது. வேற மருந்து, கடுமையான மருந்து. அந்த விலை என் கையில இல்ல."

விலை ஏறும் சரக்கு எது, இறங்கும் சரக்கு எது என்று தெரிந்தவர் அவர். பேசாமல் மாத்திரையை வாங்கிக்கொண்டார்.

"நான் சொல்ற வரைக்கும் ஏலத்துக்குப் போக வேணாம். அங்க உங்க பக்கத்துல யாரு உக்காருவா? ஜன்னல் இருக்கா?"

"இருக்கு. தொறக்கறதில்ல. விலை வெளியே போயிடும்."

"கிருமியும் போகாதே. காத்துல வர்றதுய்யா இது. அவங்கள எல்லாம் பரிசோதிக்கணும். உங்க பேரைச் சொல்லாம நானே வந்து பேசறேன்."

வழியெல்லாம் செருமலாருக்கு அதே யோசனை. பேர் சொல்லாமல் ஒரு டாக்டர் வந்து கத்திவிட்டுப் போனால் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் அசைவானா? அதைவிட ஒரு சிக்கல் இருந்தது. வரிசை முழுக்க நாகரிகத்துக்கு இருமிக்கொண்டிருக்கிறது. அதில் எது போலி, எது அசல் என்று யாருக்குத் தெரியும்? குடைச்சலார் நேற்று இருமியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. நடிப்பென்றால் கொஞ்சம் அதிகப்படியான நடிப்பு.

"சொன்னா நாற்காலி போயிடும்," என்றார் கடைசியில்.

"சொல்லலைன்னா ஆளு போயிடுவான்," என்றாள் மனைவி. "அவன் பெண்டாட்டிக்கு நீங்களா பதில் சொல்வீங்க?"

மறுநாள் செருமலார் கூடத்துக்குள் போகவில்லை. முகக்கவசத்தோடு வெளிப்புறமாகச் சுற்றி வந்து, ஒரு ஜன்னலின் பெயின்ட்டைச் சுரண்டி, தோளால் ஒரு இடி இடித்தார். ஜன்னல் அலறிக்கொண்டு திறந்தது. உள்ளே ஒரு பியானோ ஏலத்தில் இருந்தது. எல்லாத் தலையும் திரும்பியது.

"எனக்குக் காசநோய்," என்றார் செருமலார். "சந்தேகமே இல்ல, டாக்டர் சொல்லியாச்சு. இத்தனை நாள் நான் இருமினது விலை இல்ல, வியாதி. என் பக்கத்துல உக்காந்தவங்க எல்லாம் போய்ப் பரிசோதனை பண்ணிக்குங்க."

குடைச்சலார் எழுந்தார்.

"பியானோவுக்கு அடிபோடறாருடா!"

அவ்வளவுதான். "பலே ஆளுய்யா, நம்மள வெளியே ஓட வச்சுட்டு அடிமாட்டு விலைக்கு அடிச்சுட்டுப் போலாம்னு பாக்கறாரு!" என்று சிரிப்பு கிளம்பியது.

"அண்ணே, எனக்கும்தான் காசநோய்!" என்றார் பொத்தான்காரர்.

"எனக்கு ரெண்டு!" என்றார் கண்ணாடிக்காரர்.

ஏலக்காரர் பியானோ விலையை ஒரு படி ஏற்றினார். செருமலார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் முதல் தடவையாக அடக்க விலைக்கு ஓர் உண்மையைக் கொண்டுவந்தார், எடுக்க ஆளில்லை. கம்பியை விட்டார். முகத்தை மாற்றிக்கொண்டார்.

"நம்பாதீங்க. நல்லதாப் போச்சு. நெஞ்சு ஆஸ்பத்திரியில ஒரு பரிசோதனை, முழுக்க இலவசம். நானும் வீட்டம்மாவும் பண்ணிட்டோம். உங்களுக்கெல்லாம் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். வாய் தவறி வந்துடுச்சு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் கூடம் காலி. மேடையில் ஏலக்காரரும் பியானோவும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். நெஞ்சு ஆஸ்பத்திரி வாசலில் வரிசை தெரு திரும்பி நின்றது. யார் முதலில் என்று வாயால் பேசுவது கௌரவக் குறைச்சல் இல்லையா? ஆளுக்கு ஆள் அடையாளம் காட்ட ஆரம்பித்தார்கள். எட்டிப் பார்த்த நர்ஸ் பதறிக்கொண்டு உள்ளே ஓடினாள். "டாக்டர், வெளியில நிக்கறவங்களுக்கு இருமலோட சொறியும் இருக்கு போல. ஒருத்தர் காதைக் கொடையறாரு, ஒருத்தர் நெஞ்சைத் தடவறாரு!"

வந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் இருந்தது. குடைச்சலார் தன் சளிப் பரிசோதனை முடிவைப் பார்த்து வாய் பிளந்தார்.

"போலியாத்தானேம்மா இருமினேன்?"

"எப்பவுமா?"

"மொதல்ல போலிதான். அப்பறம் நல்லாப் பழகிடுச்சுன்னு நெனச்சேன்."

ஆரம்பத்திலேயே பிடித்தாகிவிட்டது என்று சொல்லி அவருக்கும் அதே மாத்திரையைக் கொடுத்து அனுப்பினாள் டாக்டரம்மா. பரிசோதனை நிஜம் என்றால் நோயும் நிஜம் என்று அப்போதுதான் கூடத்துக்கு உறைத்தது. உறைத்ததும் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. நாலு பேர் செருமலாரின் நாற்காலியைத் தூக்கப் போனார்கள்.

அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கைப்பை.

"தூக்குங்க," என்றாள் செருமலாரின் மனைவி. "நாலு கால் இருக்கு, ஆளுக்கு ஒண்ணு. நானும் சேந்துதான் வருவேன்."

"இல்லம்மா... கழுவிட்டுத் திரும்ப..."

"கட்டையில ஒட்டாது, தட்டுல ஒட்டாது, காத்துல வருதுன்னு டாக்டர் சொன்னது காதுல விழல? இல்ல, காதுல சாவி வச்சிருக்கீங்களா? கை சும்மா இருந்தா மிச்ச ஜன்னலையும் போய்த் தெறங்க."

தூக்க வந்தவர்கள் ஜன்னல்களைத் திறந்தார்கள். அன்று முதல் அவள் தினமும் வந்தாள். அடையாளம் கிடையாது, செருமல் கிடையாது. "அதுக்கு மேல சல்லிக்காசு தர மாட்டேன்" என்று வாயைத் திறந்தே சொன்னாள். ஏலக்காரருக்கு முதலில் அவமானமாக இருந்தது. பிறகு தலைவலி போயிற்று என்றார்.

வீட்டில் செருமலார் மாத்திரையும் கிளிக்கூண்டுகளுமாக இருந்தார். இருமல் ஓய்ந்தது. பசி வந்தது. பெல்ட்டின் பழைய ஓட்டைக்கே இடுப்பு திரும்பியது. இனி வேலைக்குப் போகலாம், உங்களிடமிருந்து யாருக்கும் பரவாது, மருந்தை மட்டும் விடாதீர்கள் என்றாள் டாக்டரம்மா. முதல் பாதிதான் அவர் காதில் ஏறியது. மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினார். மனைவி எடுத்து வைத்த மாத்திரையைப் பார்த்தார். நல்லாத்தானே இருக்கோம் என்று நினைத்தார். அதை அப்படியே விட்டுவிட்டுக் கூடத்துக்கு நடந்தார்.

கூடத்தில் ஒருவர் விடாமல் வணக்கம் சொன்னார்கள். அவர் நேராக முன்வரிசைக்குப் போனார்.

"எந்திரி. நான் வந்துட்டேன்."

மனைவி எழுந்திருக்கவில்லை. கைப்பையைத் திறந்து, மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். காலை மாத்திரை.

"விட்டுட்டு வந்தீங்க."

"அதான் நல்லாயிடுச்சே."

"டாக்டர் எத்தனை மாசம் சொன்னாங்க?"

"இங்க எதுக்கு அந்தப் பேச்சு? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். முழுங்குங்க."

"முழுங்கினா எந்திரிப்பியா?"

"முழுங்கினா நிக்கலாம். மருந்து முழுசா முடிஞ்சா உக்காரலாம்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றவே பயந்தார். ஏலக்காரர் சுத்தியலை ஓசைப்படாமல் கீழே வைத்தார். செருமலார் குரலைத் தாழ்த்தினார். "பாதிக்கு மேல முடிஞ்சாச்சு. நாற்காலியில பாதியாவது விடு. ஓரமா உக்காந்துக்கறேன்."

"பாதி நாற்காலி விக்கறதில்ல."

"காலையில மட்டும்?"

"இல்ல."

"வெள்ளிக்கிழமை மட்டும்? வெள்ளிக்கிழமை சரக்கே வராதே!"

அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தனுப்பினார்கள். செருமலார் கூடத்தைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். ஆதரவாக ஒரு பொத்தான்கூட அசையவில்லை. மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார்.

"நாக்கைக் காட்டுங்க."

காட்டினார். அவள் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏலக்காரர் ஓர் இரும்பு அலமாரியின் விலையைச் சொன்னார். செருமலார் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்து, "ரொம்ப அதிகம், விட்டுடு," என்றார்.

"நிக்கறவங்க விலை பேசக் கூடாது," என்றாள் அவள், திரும்பாமலே.